இரண்டு பை தக்காளி

வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு.
கண்ணாடிக் கூரைக்குள் தக்காளி பழுக்கிறது.
நான் வங்கியிலிருந்து வந்தவள்.
கடன் கேட்பவரின் சுவரைத் தட்டி
எங்கே பொள்ளல் என்று கேட்பது என் பிழைப்பு.

போத்னியா வளைகுடாவின் ஓரம்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்.
ஒரே விதை, ஒரே விளக்கு,
வெளிச்சமே எட்டிப்பார்க்காத ஒரே டிசம்பர்.
ஸ்டென்னாஸில் சதுர மீட்டருக்கு எழுபது கிலோ,
ஹெல்போலாவில் ஐம்பத்தொன்று.
ஏனென்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும்.

முதலில் கொதிகலனைச் சந்தேகித்தேன்,
பிறகு உரத்தை,
பிறகு என் கணக்குப்பொறியை.

ஹெல்போலாவின் யோஸ்டா நல்லவர்தான்.
கூலி தேதி தவறாது.
வருகிறவர்களுக்குக் கம்பளிப் போர்வை,
ஆளுக்கொரு அலமாரி, அதற்கொரு சாவி.
ஊர்தான் அவர்களை
ஒன்பது மாதத்து ஆட்களாகவே வைத்திருந்தது.
நூலகத்தில் அட்டை இல்லை.
கடைக்காரர் சில்லறையை மேசைமேல் வைப்பார்,
கையில் அல்ல.
கணுவில் எந்தத் தளிரைக் கிள்ளுவது, எதை விடுவது
என்று விரல் பழகுகிற நேரத்தில்
அந்த விரல்கள் பேருந்தில் ஏறிவிடும்.
மார்ச்சில் புது விரல்கள்.
ஒரு வரிசையில் முறிந்த கொடிகளை எண்ணினேன்:
முப்பத்து நான்கு.

ஸ்டென்னாஸில் குவே
பதினோரு வருடமாக அதே ஆறாம் கூடத்தில்.
போன வசந்தத்தில்
இலையின் அடியில் வெள்ளை ஈ ஒன்று.
ஒன்றே ஒன்று.
அவள் ஓடிப்போய்ச் சொன்னாள்,
வியட்நாம் மொழியில் அல்ல, பள்ளி ஸ்வீடிஷிலும் அல்ல,
தலைநகரத்துக்காரி எனக்கே பாதி புரியாத
அந்தக் கரையோரக் கொச்சையில்.
குன்வோர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள்.
அந்தக் கூடம் பிழைத்தது.

அன்பு என்று எழுதலாமா, கேட்டேன்.
குன்வோர் சிரித்தே விட்டாள்.
"அன்பா? எங்கள் பிள்ளைகளெல்லாம் ஸ்டாக்ஹோமில்.
பள்ளியில் பதினோரு பேர் மிச்சம்.
பத்துக்குக் கீழே போனால் பூட்டு.
குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுதிப் போட்டோம்.
பயத்தில் எழுதியது அது."

பேருந்து நேரத்தை மாற்ற ஊர்மன்றத்தில் மூன்று கூட்டம்.
மாலைப் பாளிக்கு ஒரு வண்டி வேண்டும்,
அவ்வளவே கோரிக்கை.
பாஸ்னியாவிலிருந்து வந்து
பொதி கட்டும் கூடத்தை நடத்தும் செனாடா
எழுந்து நின்று கேட்டாளாம்:
"நீங்கள் தூங்கும்போது பழுப்பதை யார் பறிப்பது?"
ஒரே ஒரு வாக்கில் வண்டி வந்தது.
எதிர்த்து வாக்களித்தவரின் மகன்
இன்று அதன் ஓட்டுநர்.

எல்லாம் தேன் என்று நினைத்துவிடாதே என்றாள் குவே.
மாடிப்படியில் மீன்சாற்று வாடை என்று
மூன்று மனு.
ஒரு இரவில் நான்கு சக்கரம் கிழிந்தது,
யாரென்று இன்றுவரை தெரியாது,
தெரியும், ஆனால் தெரியாது.
"அதையும் எழுது," என்றாள்,
பேசிக்கொண்டே ஒரு தளிரைக் கிள்ளி.
நான் பார்ப்பதற்குள் கிள்ளியாயிற்று.

எழுதினேன். அடித்தேன்.
படிவத்தில் ஆபத்து என்றொரு கட்டம்,
சொத்து என்றொரு கட்டம்.
பேருந்து நேரத்தை எதில் போடுவது?

திரும்பும் வழியில் யோஸ்டா கேட்டார்:
புது விளக்கு வாங்கக் கடன் தருவீர்களா,
விளைச்சல் கூடுமா?
விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.
நூலகத்தில் பேசிப்பாருங்கள் என்றேன்.
அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.
"அது பண்ணைச் செலவில் வராதே."

பின்னிருக்கையில் இரண்டு பை தக்காளி,
இரண்டு ஊரும் தந்தது.
வளைவொன்றில் சரிந்து கலந்துவிட்டன.
வீட்டில் ஒவ்வொன்றாய்க் கடித்துப் பார்த்தேன்.
எது எந்த ஊர் என்று
நாக்குக்குத் தெரியவில்லை.